பல்லக்கில் மட்டும் ஏறும் விஷம்

முன்னொரு காலத்தில், அதாவது ராஜாக்களுக்குக் கால் இருந்தும் நடக்கிற பழக்கம் இல்லாத காலத்தில், ஒரு தேசத்தைக் கம்பீரவர்மர் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். அவருடைய மீசையின் ஒரு நுனி சபைக்குள் நுழையும்போது மறுநுனி அந்தப்புரத்தில் ராணியிடம் விடைபெற்றுக்கொண்டிருக்கும் என்று சொல்வார்கள். அது கொஞ்சம் மிகை. நடுவில் இரண்டு முற்றங்கள் இருந்தன. ஒரு முற்றத்தைத்தான் மீசை தாண்டும்.

அந்த ராஜாவுக்கு ஒரு நாள் ஓர் ஆசை வந்தது.

“மந்திரி, நான் ஊர் எல்லையைத் தாண்டினால் என் சபை என் கண்ணில் படுவதில்லை. வழியெல்லாம் பனைமரமும் எருமையும்தான். சபை தெரியாத ராஜா என்ன ராஜா? இனி நான் எங்கே போனாலும் என் சபை என்னோடு வர வேண்டும்” என்றார்.

உடனே சபை முழுவதும் பல்லக்குக்குப் பின்னால் நடந்தது. எழும்பிய புழுதியில் பகலில் விளக்கேற்ற வேண்டியிருந்தது. ஒரு புலவர் வழி தெரியாமல் பக்கத்து தேசத்துக்கே நடந்துபோய், அங்கே ஒரு பரிசும் வாங்கிவிட்டார். அதோடு அந்த ஏற்பாடு நின்றது.

ராஜா தம் விகடகவியான உத்தண்டியைப் பார்த்தார். “நீ ஒரு வழி சொல்.”

உத்தண்டி எழுந்து கும்பிட்டான். “பிரயாணத்தின்போது மகாராஜா கண்ணை மூடித் தூங்கிவிட்டால் போதும். சபையிலும் தாங்கள் அதைத்தான் செய்கிறீர்கள். வித்தியாசமே தெரியாது.”

எல்லாரும் சிரித்தார்கள், ஒருவரைத் தவிர. அந்த ஒருவர் கிரீடம் வைத்திருந்தார்.

மகாமந்திரி திரியம்பகர் காத்திருந்த சமயம் இதுதான். ராஜாவுக்குப் பிடித்தவர்கள் யாராக இருந்தாலும் அவருக்கு நெஞ்செரியும். உத்தண்டியைக் கண்டால் அந்த எரிச்சலில் அப்பளம் சுடலாம். அவர் எழுந்து, “அரசே, விகடம் பேசுவது சுலபம். சபையைத் தங்களோடு அனுப்பும் பொறுப்பை அடியேன் ஏற்கிறேன்” என்றார்.

அடுத்த மாதம் ஒரு புதுப் பல்லக்கு வந்தது. பழைய பல்லக்கு நாலு பக்கமும் திறந்தது. இது பெட்டி மாதிரி மூடியது. ஒரே ஒரு கதவு. அதைச் சாத்திவிட்டால் ஓர் இடுக்குகூடக் கிடையாது. உள்ளே மூலையில் ஒரு விளக்கு. நாலு பலகைச் சுவரிலும் சபை அப்படியே வரையப்பட்டிருந்தது. தூணுக்குத் தூண், திரைச்சீலைக்குத் திரைச்சீலை. சாமரம் வீசும் பெண்ணின் மூக்குத்திகூடத் தப்பவில்லை. ராஜா உட்காரும் இடத்துக்கு நேர் எதிரே, கைக்கெட்டும் தூரத்தில், திரியம்பகர் வணங்கியபடி நின்றார், நிஜத்தைவிட இளமையாக. உத்தண்டியும் இருந்தான். தூணுக்குப் பின்னால் அவனுடைய காதில் பாதி தெரிந்தது.

ராஜா உள்ளே ஏறிப் பார்த்துவிட்டு, “ஆஹா! வீட்டிலேயே இருக்கிற மாதிரி இருக்கிறதே!” என்றார்.

“அதுதான் இதன் விசேஷம், அரசே. நகர்வதே கண்ணுக்குத் தெரியாது” என்றார் மந்திரி.

அவர் சொன்னது அட்சரம் பிசகாத உண்மை. தொல்லையெல்லாம் அதனால்தான் வந்தது.

புதுப் பல்லக்கில் ராஜா ஓர் ஏரிக்கரையைப் பார்வையிடப் போனார். பாதி வழியில் உள்ளேயிருந்து ஒரு முனகல் கேட்டது. பல்லக்கை இறக்கிக் கதவைத் திறந்தார்கள். ராஜாவின் முகம் வெந்த கத்தரிக்காயாக இருந்தது. இறங்கியவர் காலையில் சாப்பிட்ட வெண்பொங்கல், முந்தின நாள் சாப்பிட்ட அதிரசம், பட்டாபிஷேகத்தன்று சாப்பிட்ட லட்டு எல்லாவற்றையும் பூமாதேவிக்குத் திருப்பிக் கொடுத்தார். அந்த வருஷம் அந்த ஏரி மழையில்லாமல் நிரம்பியது என்று அந்தப் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு.

அடுத்த பிரயாணத்திலும் அதே கதை. அதற்கடுத்த பிரயாணத்திலும். அரண்மனையில் இருக்கும்போது கல்லைத் தின்றாலும் செரித்தது. பல்லக்கில் ஏறிக் கொஞ்ச தூரம் போனால் வேர்வை, வாயில் எச்சில், தலைசுற்றல், பிறகு ஓங்காளம்.

அரண்மனை வைத்தியர் தன்வந்திரிதாசர் வரவழைக்கப்பட்டார். அவர் மந்திரிக்குச் சம்பந்தி. நாடியைப் பிடித்தார், நாக்கைப் பார்த்தார், முகட்டைப் பார்த்தார். பிறகு சபை நடுவில் நின்று விரலை மடக்கினார்.

“முகம் வெளிறுதல். குளிர்ந்த வேர்வை. வாய் ஊறுதல். நின்ற பூமி சுற்றுதல். கடைசியில் வாந்தி. அரசே, இந்த ஐந்தும் ஒருசேர வந்தால் சாஸ்திரம் ஒன்றைத்தான் சொல்லும். விஷம்!”

சபை நடுங்கியது. திரியம்பகர் நடுங்காமல் கேட்டார்: “விஷம் வாய்வழியாகத்தானே போகும்? மகாராஜாவின் வாய்க்கு எல்லாவற்றையும் அனுப்புகிறவன் யார்?”

எல்லார் கண்ணும் மடைப்பள்ளிப் பக்கம் திரும்பியது.

மடைப்பள்ளித் தலைமைச் சமையற்காரர் சோணாசலம். அவர் ரசத்தைத் தாளித்தால் அந்த வாசனைக்கு எதிரிநாட்டுப் படை இரண்டு முறை வழி தவறி வந்து சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கிறது. அந்த வேலையில் தம் மைத்துனனை உட்காரவைக்க வேண்டும் என்று மந்திரி ரொம்ப நாளாகக் கண்வைத்திருந்தார். சோணாசலத்தைக் கரண்டியும் கையுமாகப் பிடித்துக்கொண்டுவந்து சபையில் நிறுத்தினார்கள்.

“சாமி, நானா? நானா விஷம் வெப்பேன்? உப்பு ஒரு கல்லு கூடிப்போனா எனக்கு ராத்தூக்கம் போயிடும், சாமி!” என்று அழுதார் சோணாசலம்.

உத்தண்டி எழுந்தான். “மகாராஜா, தாங்கள் சாப்பிட்ட மிச்சத்தைத் தினமும் மடைப்பள்ளியில் உட்கார்ந்து சாப்பிடுகிறவன் அடியேன். மிச்சம் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். சில நாள் நான் முந்திக்கொள்வதும் உண்டு. அது விஷமென்றால் எனக்கல்லவா முதலில் பாடை கட்டியிருக்க வேண்டும்?”

மந்திரி ஒரு சேவலை வரவழைத்தார். சோணாசலம் சமைத்த பொங்கலைச் சேவலுக்கு வைத்தார்கள். சேவல் தின்றது. இன்னும் கொஞ்சம் கேட்டது. பிறகு சிம்மாசனத்தின் கைப்பிடியில் ஏறி நின்று கூவியது.

வைத்தியர் ஒரு கணம்தான் திகைத்தார். “சேவல் பிரயாணம் போகவில்லையே, அரசே! இது சாமானிய விஷமல்ல. பிரயாண காலகூடம். வயிற்றில் சாதுவாகப் படுத்திருக்கும். ஊர் எல்லை தாண்டியதும் தலைதூக்கும்.”

“அப்படியானால் சேவலைப் பல்லக்கில் ஏற்றி அனுப்பிப் பார்த்துவிடலாமே” என்றான் உத்தண்டி.

“ராஜ பல்லக்கில் சேவலா! அபசாரம்!” என்று அலறினார் மந்திரி. “அரசே, கவனியுங்கள். கொலைகாரனுக்காக இவன் ஏன் இப்படித் துடிக்கிறான்? விஷச் சாப்பாட்டைத் தின்றும் இவன் பிழைத்திருக்கிறான் என்றால் மாற்று மருந்தும் இவனிடம் இருக்கிறது என்றுதானே அர்த்தம்?”

கம்பீரவர்மருக்கு வயிறும் சரியில்லை, மனசும் சரியில்லை. கிரீடத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்.

“உத்தண்டி, சோணாசலம் குற்றவாளி இல்லை என்றால் வேறொருவன் இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை சபை கூடும்போது அவனைக் கயிற்றால் கட்டி என் கண்முன் நிறுத்து. நிறுத்தினால் சோணாசலத்துக்கு விடுதலை. இல்லாவிட்டால் அவன் தலையோடு உன் தலையும் போகும்.”

அன்று சாயங்காலம் சோணாசலத்தின் மனைவி பூரணி, உத்தண்டியின் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

“ஏண்ணா, உங்களை யாரு எழுந்திருக்கச் சொன்னது? ஒரு தலை போறதா இருந்துச்சு. இப்ப ரெண்டு தலை போகுது.”

“தங்கச்சி, என் தலையில சரக்கு இருக்கான்னு எனக்கே சந்தேகம். போனா நஷ்டம் கம்மி. உன் புருஷன் தலையில ரசப்பொடி அளவெல்லாம் இருக்கே, அது போகக் கூடாது.”

“சிரிக்க வெக்காதீங்க. எனக்கு அழுகை வருது.” முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “அவருக்கு ஜெயில்ல கேப்பைக் களி குடுத்திருக்காங்க. ‘கிண்டுறப்பவே கையை விட்டுட்டான், கட்டி தட்டிப்போச்சு’ன்னு புலம்புறாரு. தலை போறதைப் பத்தி ஒரு வார்த்தை இல்லை. அவரைக் கூட்டிக்கிட்டு வந்துருங்கண்ணா.”

உத்தண்டி அன்றிரவு தூங்கவில்லை என்று சொன்னால் கதைக்கு நன்றாக இருக்கும். ஆனால் நன்றாகத் தூங்கினான். விடிந்ததும் பல்லக்குக் கொட்டகைக்குப் போனான்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. ராஜா ஊர் போகாத நாட்களில் பல்லக்குத் தூக்கிகளுக்குத் தோள் பழக்கம் விட்டுப்போகக் கூடாது என்பதற்காக, ராஜாவின் எடைக்கு மணல் மூட்டைகளை உள்ளே வைத்துக் குளக்கரையைச் சுற்றித் தூக்கிப்போவார்கள். மணல் மூட்டைக்கு அவர்கள் ‘சின்ன ராஜா’ என்று பெயர் வைத்திருந்தார்கள். தூக்கிகளின் தலைவன் மாயழகு மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்தான்.

“மாயழகு, ரெண்டு மூட்டையை இறக்கிட்டு என்னை ஏத்திக்கோ.”

“ஐயோ சாமி, மூட்டை பேசாது. நீங்க வாயை மூட மாட்டீங்களே!”

“பல்லக்குல இருந்து ஒரு சத்தம் வந்தா நான் உத்தண்டி இல்லை.”

ஏறிக்கொண்டான். கதவு சாத்தப்பட்டது. பல்லக்கு எழும்பியது. தூக்கிகள் குளக்கரையில் ஏறி இறங்கி வளைந்து நடந்தார்கள். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு வந்தது. அது பேச்சு இல்லை.

கதவைத் திறந்ததும் உத்தண்டி குளத்தங்கரைப் புல்லில் மண்டியிட்டு விழுந்தான். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவில்லை. இருந்தும் வயிறு இல்லாததைத் தேடித் தேடி வெளியே தள்ளியது.

“தூக்குற எங்களுக்கு ஒண்ணும் ஆகலை. சும்மா குந்தியிருந்த உங்களுக்கு என்ன சாமி கேடு?” என்றான் மாயழகு. “இதுக்குத்தான் சொன்னேன், மணல் மூட்டை வாந்தி எடுக்காதுன்னு.”

உத்தண்டி வாயைக் கொப்பளித்துவிட்டுச் சிரித்தான். “இன்னொரு சுத்து போலாம்.”

“மறுபடியுமா!”

“இந்தத் தடவை கதவைத் திறந்து வெச்சுக்கறேன்.”

திறந்த கதவுப் பக்கம் திரும்பி, ஓடுகிற மரங்களைப் பார்த்துக்கொண்டே அதே கரையை மறுபடி சுற்றிவந்தான். ஒன்றும் ஆகவில்லை. பசிதான் எடுத்தது. அவனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஆனால் புரிந்ததைச் சொன்னால் யார் நம்புவார்கள்? “மகாமந்திரி கொடுத்த பல்லக்கு விஷம் வைத்தது” என்றால், மரம் எப்படி விஷம் வைக்கும் என்று மந்திரி கேட்பார். அதற்கு வாள்காரன் பதில் சொல்வான். உண்மை என்பது மந்திரி வாயிலிருந்தும் வைத்தியர் வாயிலிருந்தும்தான் வர வேண்டும். வாந்தியும் அந்த வழியாகத்தானே வருகிறது!

வியாழக்கிழமை அவன் ராஜாவிடம் ஒரு விண்ணப்பம் வைத்தான். “நாளை விசாரணை முடியும்வரை மந்திரியாரும் வைத்தியரும் மடைப்பள்ளிச் சாப்பாட்டைத் தொட வேண்டாம். சாட்சிகளுக்கு யாராவது விஷம் வைத்துவிட்டால் அடியேன்மேல் பழி வரும்.”

மந்திரிக்கு ஆனந்தம். “பார்த்தீர்களா, அரசே! இவனே ஒப்புக்கொள்கிறான். நாங்கள் விரதம் இருக்கிறோம்!”

வெள்ளிக்கிழமை சபை அரண்மனைக்கு முன்னால் திறந்தவெளியில் கூடியது. ஒரு பக்கம் விலங்கோடு சோணாசலம். அவருக்குப் பக்கத்தில் வாள்காரன். எதிரே மூடிய பல்லக்கு.

“குற்றவாளி எங்கே?” என்றார் ராஜா.

“பல்லக்குக்குள் இருக்கிறான், மகாராஜா. பல்லக்கு நகரும்போதுதான் தன் வேலையைக் காட்டுவான். மந்திரியாரும் வைத்தியரும் உள்ளே ஏறி, நந்தவனத்தையும் குளக்கரையையும் ஒரு சுற்றுச் சுற்றிவந்தால் கண்ணாரப் பார்த்துவிடலாம். கதவை மட்டும் திறக்கக் கூடாது, ஓடிவிடுவான்.”

ராஜ பல்லக்கில் ஏறக் கசக்குமா? இருவரும் முண்டியடித்து ஏறினார்கள். கதவு சாத்தப்பட்டது. உத்தண்டி மாயழகைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான். அன்று அந்தத் தூக்கிகள் நடந்த நடையைக் குதிரைகள் பார்த்திருந்தால் வெட்கப்பட்டிருக்கும். குளக்கரை மேட்டில் பல்லக்கு ஏறியது, இறங்கியது, திரும்பியது, குலுங்கியது.

முதலில் உள்ளேயிருந்து பெருமைப் பேச்சுக் கேட்டது. “பார்த்தீரா சம்பந்தி, என் மூக்கை எவ்வளவு தத்ரூபமாக வரைந்திருக்கிறான்!” பிறகு பேச்சு மெலிந்தது. பிறகு, “சம்பந்தி, கொஞ்சம் தள்ளி உட்காரும்” என்று ஒரு குரல். “தள்ள இடம் எங்கே இருக்கிறது?” என்று இன்னொரு குரல். பிறகு குரலே இல்லை.

சபைக்கு முன்னால் பல்லக்கு இறங்கியது. கதவு உள்ளேயிருந்தே உடைகிற மாதிரி திறந்தது. மகாமந்திரியும் அரண்மனை வைத்தியரும் ஆளுக்கொரு பூந்தொட்டியைக் கட்டிக்கொண்டார்கள். அந்த இரண்டு தொட்டியிலும் அப்புறம் செடியே முளைக்கவில்லை.

ராஜா பதறி எழுந்தார். “இவர்களுக்கு என்ன?”

“வைத்தியரே சொல்லட்டும்” என்றான் உத்தண்டி. “ஐயா, முகம் வெளிறியிருக்கிறதா?”

“ஆ… ஆமாம்.”

“குளிர்ந்த வேர்வை? வாய் ஊறுதல்? பூமி சுற்றுகிறதா?”

“இரண்டு… பூமி சுற்றுகிறது.”

“சாஸ்திரம் என்ன சொல்கிறது?”

வைத்தியர் தொட்டியிலிருந்து தலையைத் தூக்கினார். சபை முழுவதும் அவர் வாயைப் பார்த்தது. தாம் சொன்னதைத் தாமே மாற்றினால் நாளைக்கு யார் அவரிடம் கஷாயம் வாங்குவார்கள்? “விஷம்” என்றார் ஈனஸ்வரத்தில்.

“மடைப்பள்ளியில் என்ன சாப்பிட்டீர்கள்?”

“ஒன்றும் சாப்பிடவில்லையே! என் கையால் செய்த லேகியத்தில் இருவரும் ஒரு உருண்டை…”

மந்திரி தொட்டியை விட்டுவிட்டு நிமிர்ந்தார். “அட பாவி சம்பந்தி! அந்த லேகியத்திலா வைத்தீர்? உம் வீட்டுக்கு என் பெண்ணைக் கொடுத்தேனே!”

“நீர் கொடுத்த மோரைக் குடித்த பிறகுதான் எனக்குப் புரட்டியது! விஷம் வைத்தது நீர்!”

“நானா? அந்த மோரை நானும் குடித்தேனே!”

“மாற்று மருந்து வைத்திருப்பீர்!”

வாள்காரன் யார் பக்கம் நிற்பது என்று தெரியாமல் நடுவில் வந்து நின்றான். ராஜா கையை உயர்த்தினார். “உத்தண்டி! யார்தான் விஷம் வைத்தது?”

“யாரும் வைக்கவில்லை, மகாராஜா. வைத்ததாகத் தலைக்குள் ஒருவர் முடிவு கட்டிவிட்டார்.” உத்தண்டி ஓர் அடி முன்னால் வந்தான். “நம் ஒவ்வொருவர் தலைக்குள்ளும் ஒரு குட்டி ராஜா இருக்கிறார். பாவம், ஜன்னல் இல்லாத இருட்டறை அவருக்கு. வெளியே மழையா வெயிலா என்றுகூட நேரில் பார்த்ததில்லை. கண், காது, தோல் என்று ஒற்றர்கள் வந்து சொல்வதை வைத்துத்தான் ராஜ்ஜியம் நடத்துகிறார்.”

“ஒற்றர்கள் சொல்வது ஒத்துப்போகாவிட்டால்?”

“சின்னத் தகராறு என்றால் அவரே பஞ்சாயத்துப் பண்ணிவிடுவார். பொம்மலாட்டத்தில் பாடுகிற ஆள் திரைக்குப் பின்னால் ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கிறான். ஆனால் பாட்டு பொம்மையின் வாயிலிருந்து வருகிற மாதிரியே கேட்கிறதல்லவா? பொம்மை ஆடுகிறது என்று கண் உறுதியாகச் சொன்னதும் குட்டி ராஜா காதை அடக்கிவிடுகிறார். இருட்டில் படி இறங்கும்போது கண்ணை ஒதுக்கிவிட்டுக் காலை நம்புவார். எந்த நேரத்தில் எவன் சொல் உறுதியோ அவன் பக்கம் தீர்ப்பு. நமக்குத் தெரியாமலே நடந்துவிடும்.”

“பல்லக்கில் மட்டும் என்ன வந்தது?”

“இங்கே தகராறு பண்ணுகிற இருவருமே பெரிய மனிதர்கள், மகாராஜா. கண் சொல்கிறது: ‘சபையில் உட்கார்ந்திருக்கிறோம். தூண் அசையவில்லை. மந்திரி அசையவில்லை.’ ஆட்டத்தை அளந்து சொல்ல உடம்புக்குள் இன்னோர் ஒற்றன் இருக்கிறான். தட்டாமாலை சுற்றினால் கிறுகிறுக்க வைக்கிறானே, அவன்தான். காதுக்குள்ளே எங்கோ ஒளிந்திருக்கிறான் என்று எனக்குச் சந்தேகம். அவன் கத்துகிறான்: ‘ஏறுகிறோம், இறங்குகிறோம், திரும்புகிறோம்!’ இரண்டு பேருமே பொய் சொல்கிறவர்கள் இல்லை. குட்டி ராஜா யோசிக்கிறார்: எப்போது இப்படி ஆகும்? ஊமத்தங்காயைத் தின்றவனுக்குத்தான் நின்ற வீடு சுற்றும். அப்படியானால் யாரோ எனக்கு விஷம் வைத்துவிட்டார்கள்! வயிற்றில் இருப்பதையெல்லாம் வெளியே தள்ளு!”

“விசாரிக்காமலா?” என்றார் ராஜா.

“விசாரிக்காமல்தான். முதலில் தண்டனை, பிறகு விசாரணை என்பது அவருடைய வழக்கம். யாரைப் பார்த்துக் கற்றுக்கொண்டாரோ, அடியேனுக்குத் தெரியாது.”

சபையில் ஒருவருக்கு இருமல் வந்தது. அதை அப்படியே விழுங்கிவிட்டார். ராஜாவின் மீசை ஒரு பக்கம் துடித்தது. கோபமா, வேறு ஏதாவதா என்று யாருக்கும் தெரியவில்லை.

“கதை நன்றாக இருக்கிறது” என்றார் ராஜா மெதுவாக. “ஆனால் என் கட்டளை என்ன? குற்றவாளியைக் கயிற்றால் கட்டி என் கண்முன் நிறுத்தச் சொன்னேன். கயிறு எங்கே? ஆள் எங்கே?”

“இதோ.”

உத்தண்டி இரண்டு தச்சர்களைக் கூப்பிட்டான். அவர்கள் பல்லக்குக்குள் புகுந்து ரம்பத்தை வைத்து இழுத்தார்கள். சற்று நேரத்தில் ஒரு பலகையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அதில் திரியம்பகர் வணங்கியபடி நின்றார். உத்தண்டி தடித்த வடக்கயிற்றால் அந்தப் பலகையை இறுக்கிக் கட்டி, ராஜாவின் கண்ணுக்கு நேரே நிறுத்தினான்.

“இவன்தான், மகாராஜா. உலகமே குலுங்கும்போது தங்கள் கண்ணெதிரே அசையாமல் நின்று, ‘எதுவும் நடக்கவில்லை’ என்று பொய்ச்சாட்சி சொன்னவன்.”

நிஜத் திரியம்பகர் முன்னால் வந்தார். குரலில் பழைய சூடு இருந்தது. “அரசே, வார்த்தை ஜாலம்! விஷம் சாப்பாட்டில் இல்லையென்றால் நிரூபிக்கட்டும். சோணாசலம் இப்போதே சமைக்கட்டும். தாங்கள் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு இதே பல்லக்கில், இதே கரையில், எங்களைக் குலுக்கிய அதே நடையில் போக வேண்டும். தங்களுக்குக் குமட்டினால் இருவர் தலையும் போக வேண்டும்.”

“சம்மதம்” என்றான் உத்தண்டி. சொன்ன பிறகுதான் யோசித்தான். பல்லக்கை அவன் தன் வயிற்றைக்கொண்டு சோதித்திருக்கிறானே தவிர, ராஜாவின் வயிற்றைக்கொண்டு அல்ல. ராஜாவின் வயிறு பெரிய இடம்.

சோணாசலத்தின் கைவிலங்கை மட்டும் கழற்றினார்கள். வாள்காரன் அடுப்புக்குப் பக்கத்திலேயே நின்றான். மிளகும் நெய்யும் சேர்ந்த வாசனை வந்ததும் வாளைச் சுவரில் சாத்திவைத்துவிட்டு, “அண்ணே, அந்த முந்திரியை இன்னும் கொஞ்சம் செவக்க விடுங்க” என்றான்.

“என் தலையை வெட்டுறவன் என் சமையலுக்குப் பக்குவம் சொல்றியா? தள்ளி நில்லுடா!” என்றார் சோணாசலம். முந்திரியைத் தம் கணக்குப்படியே இறக்கினார்.

ராஜா சாப்பிட்டார். பயந்து பயந்து முதல் கவளம். இரண்டாவது கவளத்தில் பயம் மறந்துபோயிற்று. மலை மாதிரி இருந்த பொங்கல் மணல்மேடாகி, மணல்மேடு இலையாகி, இலையும் கொஞ்சம் கிழிந்தது. பிறகு ஏப்பம் விட்டுவிட்டுப் பல்லக்கில் ஏறினார். படம் இருந்த இடத்தில் இப்போது ஆளுயரத்துக்கு ஒரு திறப்பு. தூக்கிகள் கிளம்பினார்கள், அதே குதிரை நடையில்.

நந்தவனம் தாண்டியது. பூரணி கூட்டத்தில் நின்று முந்தானையைக் கடித்துக்கொண்டிருந்தாள். பல்லக்கு குளக்கரை மேட்டில் ஏறியது. குலுங்கியது. திரும்பியது. அப்போது திறப்பு வழியாக ராஜாவின் தலை வெளியே வந்தது.

“ஆரம்பித்துவிட்டது!” என்று துள்ளினார் மந்திரி.

சோணாசலம் கண்ணை மூடிக்கொண்டார். வாள்காரன் மனசில்லாமல் வாளை எடுத்தான்.

ராஜா வாயைத் திறந்தார். “அடேய்! யானைக் கொட்டாரத்துச் சுவரெல்லாம் வறட்டி தட்டியிருப்பது யார்? என் அரண்மனைக்குப் பின்பக்கம் இவ்வளவு அழகாக ஒரு மருதமரம் இருக்கிறதா? எனக்கு ஏன் ஒருவரும் சொல்லவில்லை? மாயழகு, இன்னொரு சுற்றுப் போ!”

இன்னொரு சுற்றுப் போனார்கள். அதற்கு மேலும் ஒரு சுற்று. திரும்பிவந்தபோது ராஜா பசிக்கிறது என்றார்.

சோணாசலத்தின் கால்விலங்கை வாள்காரனே ஓடிப்போய்க் கழற்றினான். பூரணி அழுதுகொண்டே, “வீட்டுக்கு வாங்க” என்றாள். அவரோ, “இருடி, மகாராஜாவுக்குப் பசிக்குதாம்” என்று மடைப்பள்ளிக்கு ஓடினார்.

ராஜா தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றி உத்தண்டிக்குப் போட்டார். “இனி யாருக்கும் தண்டனை சொல்வதற்கு முன்னால் உன்னை ஒரு வார்த்தை கேட்கிறேன். என் ஒற்றர்கள் சண்டை போட்டால் பஞ்சாயத்து உன்னுடையது.” பிறகு பல்லக்குச் சுவரில் இருந்த ஓட்டையைப் பார்த்தார். நின்றுகொண்டிருந்த திரியம்பகரைப் பார்த்தார். மறுபடி ஓட்டையைப் பார்த்தார். மீசையின் இரண்டு நுனியும் ஒரேசமயத்தில் மேலே போயின.

“மந்திரி, பிரயாணத்தில் உம் முகம் என் கண்முன் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டீர். அதை நான் தட்டமாட்டேன். இனி நான் எங்கே போனாலும் இந்தத் திறப்புக்கு நேரே, தூக்கிகளுக்குச் சமமாக, நீர் நடந்து வாரும்.”

அன்றே ஒரு நடை பார்த்தார்கள். தூக்கிகள் நடக்க, மந்திரியும் மூச்சிரைக்க ஓட்டமும் நடையுமாக வந்தார். அந்தத் திறப்புக்குள் அவர் முகம் ஏறியது, இறங்கியது, பின்தங்கியது, அவசரமாக மறுபடி வந்து சேர்ந்தது. ராஜா அதைப் பார்த்தார். சிரிக்கத் தொடங்கினார். அவர் சிரித்த சிரிப்பில் பல்லக்கே தூக்கிகளின் தோளில் குதித்தது. குதிப்பதாகக் கண்ணும் சொன்னது, குதிப்பதாக உடம்பும் சொன்னது. இரண்டும் ஒரே சொல்லாக இருந்ததால் குட்டி ராஜாவுக்கு அன்று வேலையில்லை. வயிறு தன்பாட்டுக்குப் பொங்கலைச் செரித்துக்கொண்டிருந்தது.